பி.எஃப். கட்டுகிற காண்ட்ராக்டர் பிழைக்க முடியுமா?

சொந்தமாகச் சின்ன காண்ட்ராக்ட் தொழில் ஆரம்பிக்கப் போகிறேன், பேரோலுக்கு எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். என் பதில் ஒன்றுதான். எதுவானாலும் சரி, இருபது முப்பது பேருக்கு எக்செலே போதும். பேரோல் சட்டப்படி ஓடுமா ஓடாதா என்பது கம்ப்யூட்டரில் தீர்மானமாவதில்லை. கொட்டேஷனில் நீங்கள் ரேட் எழுதுகிற அன்றைக்கே அது தீர்மானமாகிவிடுகிறது.

நான் புனே பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு எலெக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் ஆட்கள் கொடுக்கிறவன். 24 பேர். இங்கே எங்களுக்குப் பெயர் 'டேக்கேதார்'. ஆளை ஏய்த்துப் பிழைப்பவன் என்கிற அர்த்தமும் அதற்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் இருப்பதால் கோபித்துக்கொள்ளவும் முடியாது. ஆனால் ஏன் இருக்கிறார்கள்? அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒருவருக்குக் குறைந்தபட்சக் கூலியே மாதம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி பங்கு பி.எஃப். 12 சதவீதம், 1,800. பி.எஃப். இன்ஷூரன்ஸும் நிர்வாகக் கட்டணமும் அரை அரை சதவீதம், சேர்த்து 150. இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 488. போனஸ் 8.33 சதவீதம், 1,250. கிராஜுவிட்டிக்கு ஒதுக்க வேண்டியது 722. ஆக மொத்தம் 19,410 ரூபாய். விடுப்புச் சம்பளம், சீருடை, பாதுகாப்பு ஷூ, கன்சல்டன்ட் ஃபீஸ், என் லாபம் எதுவும் இதில் இல்லை.

இப்போது டெண்டருக்கு வாருங்கள். எனக்கு எதிரே ஒருவர் ஆளுக்கு 18,500, 'ஆல் இன்க்ளூசிவ்' என்று போடுவார். அவர்தான் எல்-1. ஆர்டர் அவருக்கே. 19,410 அடக்கமாகும் சரக்கை 18,500-க்கு அவர் எப்படிக் கொடுக்கிறார் என்று பர்ச்சேஸ் ஆபீசர் கேட்க மாட்டார். அவருக்குக் கூட்டல் தெரியாமல் இல்லை, வேலை முடிந்தால் போதும்.

எப்படி என்று நான் சொல்கிறேன். 26 நாள் வேலைக்கு மஸ்டர் ரோலில் 15 நாள் காட்டலாம். சம்பளத்தில் பாதிக்கு மேல் 'அலவன்ஸ்' என்று பெயர் மாற்றலாம். முதலாளி பங்கு பி.எஃப்.பையும் தொழிலாளி தலையிலேயே கட்டலாம். 24 பேரில் 19 பேரை மட்டும் கணக்கில் காட்டலாம் (20 பேர் ஆனால்தானே பி.எஃப். கட்டாயம்!). முழுச் சம்பளத்தையும் பேங்கில் போட்டுவிட்டு, ஏ.டி.எம். கார்டை சூப்பர்வைசர் கையில் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் திரும்ப எடுக்கிறவர்களும் உண்டு.

சட்டம் சும்மா இல்லை. அலவன்ஸ் விளையாட்டுக்கு 2019 பிப்ரவரியிலேயே உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டது. 2025 நவம்பர் 21 அன்று நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்தபின், சம்பளத்துக்கு வெளியே காட்டும் அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை சம்பளமாகவே கருதப்படும். எல்லோருக்கும் வேலை நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். எல்லாம் நல்ல விதிகள், எனக்கு ஆட்சேபணை இல்லை. காண்ட்ராக்ட் லைசன்ஸுக்கு வரம்பு 50 பேர் என்று ஆனதும், 'ஐம்பது பேர் வரை நமக்கு ஒன்றும் கிடையாது' என்று சிலர் சந்தோஷப்படுகிறார்கள். அது லைசன்ஸுக்கு மட்டும்தான். பி.எஃப்.புக்கு 20, இ.எஸ்.ஐ.க்கு 10 என்ற கணக்கு அப்படியே இருக்கிறது.

தொழிலாளி தரப்பையும் சொல்ல வேண்டும். அந்த 15,000-ல் அவர் பங்கு பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 113, மகாராஷ்டிரா தொழில் வரி 200 (பிப்ரவரியில் மட்டும் 300, வருஷத்துக்கு 2,500 கணக்கு நேராக வேண்டுமே) போனால் கையில் 12,887. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவருக்கு ஊருக்கு அனுப்புகிற பணம்தான் பணம். "பி.எஃப். வேண்டாம் சேட், கையிலேயே கொடுங்கள்" என்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். முந்தைய காண்ட்ராக்டர் பிடித்த பணம் எங்கே போனதென்று அவருக்கு இன்றுவரை தெரியாது. ஆதாரில் ஒரு எழுத்து, பி.எஃப்.பில் வேறு எழுத்து இருந்தால் கட்டிய பணமும் சுலபத்தில் வராது.

ஆனாலும் நான் விடுவதில்லை. இரண்டு வருஷம் முன்பு எங்கள் ஆள் ஒருவர் ஏணியிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்தது. மூன்று மாதம் படுக்கை. இ.எஸ்.ஐ. இருந்ததால் வைத்தியத்துக்குக் காசில்லை, சம்பளத்தில் 90 சதவீதம் கிடைத்துக்கொண்டிருந்தது. மாதம் 113 ரூபாய்க்கு வேறு யார் தருவார்கள்? அதன்பிறகு எங்களிடம் யாரும் 'இ.எஸ்.ஐ. பிடிக்காதே' என்று சொல்வதில்லை.

சரி, நியாயமான ரேட் கிடைத்துவிட்டது என்றே வைப்போம். அடுத்த கண்டம், பணம் வரும் தேதி. ஏப்ரல் வேலைக்கு மே முதல் வாரம் பில் கொடுக்கிறேன். கம்பெனி 60 நாள் கழித்து, ஜூலையில் தரும். அதற்குள் மே 7-ல் ஒரு சம்பளம், ஜூன் 7-ல் ஒரு சம்பளம். மாதாமாதம் 15-ஆம் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ. இவை மட்டுமே இரண்டு மாதத்துக்கு எட்டே கால் லட்சத்துக்கு மேல். போதாததற்கு, கைக்கு வராத பில்லுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யை 20-ஆம் தேதி நானே கட்ட வேண்டும். எனக்குச் சட்டம் தேதி போட்டுச் சொல்கிறது. கம்பெனிக்கும் சொல்கிறது. சிறுதொழிலுக்கு 45 நாளுக்குள் தர வேண்டும், தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டியைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 2006-ஆம் வருஷச் சட்டத்திலேயே இருக்கிறது. கேட்டுப் பாருங்களேன். அடுத்த வருஷம் ஆர்டர் இருக்காது.

என் கட்சி இதுதான். சம்பளமும் சட்டப்படியான பங்குகளும் ஏலம் போடுகிற பொருள் இல்லை. அவற்றை டெண்டரில் தனியாக, உள்ளபடி எழுத வேண்டும். போட்டி சர்வீஸ் சார்ஜில் மட்டும் இருக்கட்டும். சம்பளப் பகுதியையாவது 7-ஆம் தேதிக்கு முன்னால் கம்பெனி தரட்டும். காண்ட்ராக்டர் தரத் தவறினால் சம்பளத்துக்குக் கம்பெனியே பொறுப்பு என்பது பழைய சட்டத்திலும் உண்டு, புதியதிலும் உண்டு. பொறுப்பு இருக்கிறவர் சலான் ஜெராக்ஸை ஃபைல் பண்ணுவதோடு நிறுத்தாமல், கேட்டில் நாலு பேரை நிறுத்தி பி.எஃப். பாஸ்புக்கை மொபைலில் காட்டச் சொல்லலாம். ஐந்து நிமிஷ வேலை.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. கொட்டேஷனுக்கு முன் இந்தக் கணக்கை ஒரு தாளில் போடுங்கள். அடியில் வருகிற தொகைக்குக் கீழே யார் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஆர்டர் போகும், போகட்டும். அந்த வித்தியாசத்தை உங்கள் பையிலிருந்து ஒரு மாதம் போடலாம், இரண்டு மாதம் போடலாம். மூன்றாவது மாதம் அது யாரோ ஒரு ஆளின் சம்பளத்திலிருந்துதான் வரும்.