டர்போவுக்கு முன்னே மீட்டர்

அலோர் ஸ்டாரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கையில் பழைய புரோட்டோன் சத்ரியா. அதன் 1.5 இன்ஜினை இறக்கிவிட்டு, ஹாஃப்கட் கடையில் வாங்கிய 1.8 டபுள் கேம் இன்ஜினை ஏற்றி ஓராண்டு ஆகிறதாம். ஓவர்டைம் பணத்தைச் சேர்த்து இப்போது டர்போ வைக்கப் போகிறார். டர்போவிலேயே பணம் தீர்ந்துவிடும் என்பதால், பூஸ்ட் மீட்டர், ஆயில் மீட்டர் எல்லாவற்றையும் ஆர்டுயினோ போர்டு வாங்கித் தாமே செய்து, பிறகு நிதானமாகப் பொருத்திக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

தாராளமாகச் செய்யலாம், தம்பி. 'பிறகு' என்பது மட்டும்தான் கூடாது.

இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. 1993இல் வந்த வீராவும் 1994இல் வந்த சத்ரியாவும் மிட்சுபிஷி வீட்டுப் பிள்ளைகள். புரோட்டோனே சத்ரியா ஜிடிஐ காரில் 4ஜி93 என்ற 1.8 இன்ஜினைப் போட்டு விற்றது. அதே இன்ஜினின் டர்போ அண்ணன் ஜப்பானில் லான்சர் ஜிஎஸ்ஆர் காரில் இருந்தான். அதனால்தான் நம் பட்டறைகளில் இந்த மாற்றம் சட்டை மாற்றுவதுபோல் நடக்கிறது. போதாததற்கு, 2002இல் நம் கரம்ஜித் சிங் புரோட்டோன் பெர்ட் காரில் உலக ராலி போட்டியின் புரொடக்‌ஷன் பிரிவுப் பட்டத்தையே வென்று வந்தார். அதுவும் மிட்சுபிஷி டர்போ இன்ஜின்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்களிடம் 'டர்போ வேண்டாம்' என்று சொல்லி என்ன பயன்?

ஆனால் அண்ணனும் தம்பியும் ஒன்றல்ல. தொழிற்சாலையிலேயே டர்போவுக்கென்று செய்த இன்ஜினில் அழுத்த விகிதம் குறைவாக இருக்கும். ஜிஎஸ்ஆர் இன்ஜினில் அது எட்டரைக்குப் பக்கம். டர்போ இல்லாத 1.8இல் பத்தை ஒட்டி. பிஸ்டன் ஏற்கெனவே இறுக்கிப் பிழிகிற காற்றை டர்போ முன்கூட்டியே பிழிந்து அனுப்பினால், ஸ்பார்க் மூட்டிய தீ போய்ச் சேருவதற்கு முன்பே மிச்சமிருக்கும் பெட்ரோல் கலவை தானாக வெடிக்கும். நாக்கிங் என்கிறோமே, அதுதான். ஓரிரு நிமிட நாக்கிங் போதும், பிஸ்டனின் விளிம்பு உடைய.

இதில் நம் ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் கெடாவின் வயல்வெளிச் சாலையில் காற்றே 35 டிகிரி. அதை 0.7 பார் அழுத்தினால், இன்டர்கூலர் இல்லாவிட்டால், டர்போவை விட்டு வெளிவரும்போது 100 டிகிரியைத் தாண்டிவிடும். குளிர்நாட்டுக்காரர் காணொளியில் '0.7 பார் ஒன்றும் செய்யாது' என்று சொல்வது அவர் ஊருக்குச் சரியாக இருக்கலாம்.

இவ்வளவு நடக்கும்போது டாஷ்போர்டு என்ன சொல்லும்? அநேகமாக ஒன்றும் சொல்லாது. பல கார்களில் வெப்ப முள், 80 டிகிரியிலிருந்து 100 வரை நடுவிலேயே நிற்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது, ஓட்டுநர் பதறக்கூடாது என்று. ஆயில் விளக்கு இன்னும் மோசம். பட்டறையில் 'மினியாக் ஹீத்தாம்' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த ஆயிலின் அழுத்தம் ஏறக்குறைய அரை பாருக்குக் கீழே விழுந்த பிறகுதான் பெரும்பாலான கார்களில் சிவப்பு விளக்கு எரியும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது, அந்த ஆயிலின் மேல் மிதந்துகொண்டுதான். விளக்கு எரியும்போது நீங்கள் செய்ய வேண்டியது இழுவை வண்டிக்கு அழைப்பது மட்டுமே.

டர்போ பயணிகள் காரின் தொடக்கத்திலேயே இந்தக் கதை நடந்திருக்கிறது. 1962இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் ஜெட்ஃபயர் என்ற காரை விற்றது. அழுத்த விகிதம் 10.25, மேலே டர்போ. கிட்டத்தட்ட நம் தம்பி செய்ய நினைப்பதேதான். நாக்கிங் வராமலிருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து இன்ஜினுக்குள் தெளித்தார்கள். அது தீர்ந்தால் பூஸ்ட் தானாகக் குறையும். எச்சரிக்க விளக்கும் இருந்தது. வாங்கியவர்கள் தொட்டியை நிரப்பவில்லை. 'வண்டி இழுக்கவில்லை' என்று புகார் சொல்லிக் கடைக்குத் திரும்பினார்கள். கடைசியில் நிறுவனமே பல கார்களின் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரை மாட்டிக் கொடுத்தது. 1963உடன் அந்த மாடல் முடிந்தது.

சரி, எதையெல்லாம் அளப்பது? ஆயில் அழுத்தம், ஆயில் வெப்பம், பூஸ்ட், காற்று-பெட்ரோல் விகிதம். இந்த நான்கு போதும். பந்தயக் கார்போல் பத்து மீட்டர் வைத்தால் ஒன்றையும் பார்க்க மாட்டீர்கள். நான்காவதைக் கையால் செய்ய முயல வேண்டாம். வைட்பேண்ட் சென்சாரும் அதன் கட்டுப்பாட்டுக் கருவியும் சேர்ந்த செட்டாக வாங்குங்கள். விளக்குகள் மாறி மாறி மின்னும் மலிவு மீட்டர் திருவிழாவுக்கு அழகு, அவ்வளவுதான். பூஸ்டில் விகிதம் பன்னிரண்டுக்குப் பக்கம் நிற்க வேண்டும். முழு ஆக்சிலேட்டரில் பதினான்கைக் காட்டினால் அந்தக் கணமே காலை எடுத்துவிடுங்கள்.

மற்ற மூன்றும் உங்கள் கைவேலை. கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

முதலில் மரை. மிட்சுபிஷி போன்ற ஜப்பானிய இன்ஜின்களில் ஆயில் சுவிட்ச் உட்காரும் துளை பிரிட்டிஷ் மரை, அங்குலத்துக்கு 28 சுற்று. ஆன்லைனில் வரும் சென்சார்கள் பலவும் அமெரிக்க மரை, 27 சுற்று. இரண்டு சுற்று உள்ளே போகும், சரியாகத்தான் இருக்கிறது என்று தோன்றும், மேலும் முறுக்கினால் அலுமினியம் பிளந்துவிடும். இடைத்துண்டு ஒன்று சில வெள்ளிதான். ஒற்றைக் கம்பி சென்சார் என்றால் அதன் எர்த் அந்த மரை வழியாகத்தான் போகிறது. வெள்ளை டேப்பை நாலு சுற்று சுற்றினால் எர்த் போய், மீட்டர் உளறும். இரண்டு அல்லது மூன்று கம்பி சென்சார் வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை. ஆயிலையே குழாய் வழியாக மீட்டருக்குக் கொண்டுவரும் பழைய வகை வேண்டவே வேண்டாம். குழாய் வெடித்தால் கொதிக்கும் ஆயில் உங்கள் முழங்காலில்.

அடுத்தது மின்சாரம். பன்னிரண்டு வோல்ட் என்பது பேச்சுக்கு. வண்டி ஓடும்போது பதினான்கைத் தாண்டும், ஸ்டார்ட் செய்யும்போது பத்துக்குக் கீழே விழும், இடையிடையே குத்தல்கள் வேறு. போர்டுக்கு முன்னால் ஒரு ஃபியூஸும், ஐந்து வோல்ட்டுக்கு இறக்கும் நல்ல ரெகுலேட்டரும் கட்டாயம். சென்சாரும் போர்டும் ஒரே எர்த் புள்ளியில் சேர வேண்டும்.

பிறகு அளவைச் சரிபார்த்தல். பூஸ்டுக்கான மேப் சென்சாருக்கு இயற்கையே ஒரு சோதனை வைத்திருக்கிறது. சாவியைப் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பாருங்கள். அலோர் ஸ்டார் கடல் மட்டத்தை ஒட்டிய ஊர். 100 கிலோபாஸ்கலுக்குப் பக்கம் காட்ட வேண்டும். 90 காட்டினால் சென்சாரோ உங்கள் கணக்கோ தப்பு. வெப்ப சென்சாரை ஐஸ் கரையும் தண்ணீரில் ஒருமுறை, கொதிக்கும் தண்ணீரில் ஒருமுறை முக்கிப் பாருங்கள். பூஜ்யம், நூறு. அம்மாவின் கெட்டிலை எடுக்க வேண்டாம். பழைய மில்லோ டின் போதும்.

மீட்டர் கூடு. 3டி பிரிண்டரில் அச்சடித்துத் தரச் சொல்வீர்கள். சாதாரண பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளகிவிடும். மதியத்தில் பூட்டிக் கிடக்கும் காரின் டாஷ்போர்டு அதைவிடச் சூடு. ஏபிஎஸ் அல்லது ஏஎஸ்ஏ கேளுங்கள். திரையில் எண்கள் மட்டும் ஓடினால் 100 கிலோமீட்டர் வேகத்தில் படிக்க முடியாது. பழைய பந்தயக்காரர்கள் மீட்டரையே திருகி, எல்லாம் நலமாக இருக்கும்போது எல்லா முள்ளும் நேர் மேலே பார்க்கும்படி வைப்பார்கள். ஒன்று சாய்ந்தால் ஓரக்கண்ணிலேயே பட்டுவிடும். திரையிலும் அப்படி முள் வரையலாம். கூடவே ஆயில் அழுத்தத்துக்கு ஒரு பஸ்ஸர் வையுங்கள்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்ஜினை மாற்றியதை ஜேபிஜேயில் பதிவு செய்துவிட்டீர்களா? கடிதத்தில் அதைப்பற்றிப் பேச்சே இல்லை. அனுமதி, பரிசோதனை, இன்ஜின் வாங்கிய ரசீது, சுங்கப் பத்திரம், எல்லாம் வேண்டும். 1,834 சிசிக்குச் சாலை வரி 90 வெள்ளியிலிருந்து ஏறக்குறைய 300 வெள்ளியாக உயரும். அதை மிச்சம்பிடிக்க நினைத்தால், விபத்தில் காப்புறுதி நிறுவனம் கையை விரிக்க இடம் கொடுக்கிறீர்கள். எதிரே வந்தவருக்கு அடிபட்டால் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள். டர்போ ஏற்றுவதற்கும் தனியாக அனுமதி கேட்க வேண்டும். ஜிடிஐயில் நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் வைத்தார்கள். உங்கள் சத்ரியாவின் பின்னால் இன்னும் டிரம்தானே?

இப்போது வரிசை. டர்போ பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் வையுங்கள். மூன்று மீட்டரையும் வைட்பேண்டையும் இப்போதிருக்கும் இன்ஜினிலேயே பொருத்துங்கள். வேலைக்குப் போகும்போதும், ஒருமுறை ஜித்ரா வரையும், ஒருமுறை நெடுஞ்சாலையில் குருன் வரையும் ஓட்டி, ஒரு மாதம் நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் அழுத்தம் எவ்வளவு, சூடான பிறகு ஐட்லிங்கில் எவ்வளவு, 3,000 சுற்றில் எவ்வளவு, டிராஃபிக்கில் நின்றபோது ஆயில் வெப்பம் எவ்வளவு. சூடான ஐட்லிங்கில் ஒரு பாரும் 3,000இல் மூன்று பாரும் வந்தால் இன்ஜின் நல்ல உடம்போடு இருக்கிறது. வரவில்லையென்றால், ஹாஃப்கட் கடைக்காரர் சொன்ன கிலோமீட்டர் கணக்கு கதை. அந்த இன்ஜினில் டர்போ ஏற்றினால் ஒரு தீபாவளி தாண்டாது. சேர்த்த பணத்தில் முதலில் பேரிங்கும் டைமிங் பெல்ட்டும் மாற்றுங்கள்.

மாதம் முடிந்ததும் நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள், தம்பி. எந்த அளவு டர்போ, எவ்வளவு பூஸ்ட், பிஸ்டனை மாற்றலாமா இல்லை ஜிஎஸ்ஆர் இன்ஜினையே தேடலாமா என்பதையெல்லாம் அந்த எண்களைப் பார்த்தபின் இதே பக்கத்தில் பேசலாம்.