சிம் அட்டை யாருடைய பெயரில்?

2012 நவம்பரில் மாத்தளை ஆஸ்பத்திரி வளவில் உயிரி எரிவாயுத் தொட்டி கட்ட நிலம் வெட்டியவர்களின் கையில் மனித எலும்பு தட்டுப்பட்டது. தோண்டத் தோண்ட எலும்புக்கூடுகள் வந்துகொண்டே இருந்தன. எண்ணிக்கை 150ஐத் தாண்டியது. 1986க்கும் 1990க்கும் இடையில் புதைக்கப்பட்டவை என்றார் தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ. ஜே.வி.பி. கிளர்ச்சியும் அதை அடக்கிய வேட்டையும் நடந்த காலம் அது. பிறகு அமெரிக்காவில் செய்த கரிமப் பரிசோதனையோ எலும்புகள் அதைவிடப் பழையவை என்றது. இரண்டு நிபுணத்துவங்களுக்கும் நடுவே, காணாமற்போன பிள்ளைகளைத் தேடி வந்த குடும்பங்கள் விடையில்லாமல் திரும்பின.

அந்த வேட்டை நடந்த 1989இல்தான் கொழும்பில் செல்டெல் நிறுவனம் தன் சேவையைத் தொடங்கியது. தெற்காசியாவின் முதல் செல்லிடத் தொலைபேசி வலையமைப்பு அது. மாத்தளையில் அந்த ஆண்டு இழுத்துச் செல்லப்பட்ட எந்த இளைஞனின் சட்டைப்பையிலும் போன் இல்லை. கடைசியாக அவன் எங்கே நின்றான், யார் அவனை அழைத்தார்கள், அப்போது மணி என்ன என்பதையெல்லாம் கண்டவர் வந்து சொன்னால்தான் உண்டு. கண்டவரும் பயந்து வாயை மூடிக்கொண்டால் அதுவும் இல்லை.

இருபது ஆண்டுகள் கழிந்தன. 2009 ஜனவரி 8ஆம் திகதி, ‘சண்டே லீடர்’ ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க அத்திடிய வீதியில் கார் மறிக்கப்பட்டுத் தாக்கப்பட்டு உயிரிழந்தார். தன்னைப் பின்தொடர்ந்த மோட்டார் சைக்கிள்களின் இலக்கங்களை அவர் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார் என்பது பின்னைய விசாரணைகளில் தெரியவந்தது. அந்தப் புத்தகம் காணாமற்போனது. சாட்சியத்தை மறைத்தார்கள் என்ற குற்றச்சாட்டில் ஓய்வுபெற்ற பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஒருவரும் கல்கிசைப் பொலிஸின் முன்னாள் குற்றப்பிரிவுப் பொறுப்பதிகாரியும் 2018இல் கைதானார்கள்.

கடதாசியை மறைத்தவர்களால் தொலைபேசி நிறுவனங்களின் கணினியில் பதிந்திருந்த அழைப்புப் பட்டியலை மறைக்க முடியவில்லை. கொலைக்கு முன் லசந்தவைப் பின்தொடரப் பயன்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்ட சில சிம் அட்டைகளைப் புலனாய்வாளர்கள் அந்தப் பட்டியலிலிருந்து பிரித்தெடுத்தார்கள். எல்லாம் ஒரே தேசிய அடையாள அட்டையில் வாங்கியவை. அட்டைக்குச் சொந்தக்காரர் நுவரெலியாவில் கராஜ் வேலை செய்த ஒரு தமிழர். அவர் கைதானார், 2011 ஒக்டோபரில் விளக்கமறியலில் இருந்தபோதே இறந்துபோனார். அந்தக் கொலைக்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

விசாரணைகளில் கையடக்கத் தொலைபேசியின் பெருமையும் ஆபத்தும் இந்த ஒரே வழக்கில் கிடக்கின்றன. எந்தச் சாட்சியும் வாய் திறக்காத இடத்தில் சிம் அட்டை பேசியது. ஆனால் அது சொன்ன முதல் பெயர் அதை வாங்கக் காட்டிய அடையாள அட்டையின் பெயர்தான். அட்டைக்காரர்தான் அழைத்தார் என்று அது சொல்லவில்லை. சொல்லவும் அதனால் முடியாது.

மாத்தளை மாவட்டத்துத் தமிழ் வாசகர் இதை யாரோ ஒருவருடைய கதையாகப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்ப முடியாது. எல்கடுவையிலோ ரத்தோட்டையிலோ ஒரு லயன் காம்பராவை எட்டிப் பாருங்கள். போன் ஒன்று, ஆட்கள் ஐந்து. சிம் எடுத்தது வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன தாயின் அடையாள அட்டையில். ரீலோட் போடுவது அப்பா. பாடம் பார்ப்பது தங்கை. இரவில் அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வது அண்ணன். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் காம்பராக்காரர் ஓர் அவசர அழைப்புக்கு வாங்கிக்கொண்டு போவார். இந்தப் போனில் குற்றத்தோடு தொடர்புடைய ஓர் அழைப்பு இருந்தால் பொலிஸ் முதலில் யாரைத் தேடும்? பதிவேட்டில் இருக்கும் அம்மாவைத்தான். போன் ஒருவரின் தனிச்சொத்து என்ற எண்ணம் கொழும்பு அலுவலகங்களுக்குப் பொருந்தலாம். தோட்டத்தில் அது வீட்டுக் குடத்தைப் போல எல்லாருக்கும் பொது.

கோபுரக் கணக்கும் அப்படித்தான். ஓர் அழைப்பு எந்தக் கோபுரத்தின் வழியாகப் போனது என்பது நிறுவனத்தில் பதிவாகிறது. அதை வைத்து ‘சந்தேகநபர் சம்பவ இடத்தில் இருந்தார்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் போன் பக்கத்திலிருக்கும் கோபுரத்தைத் தேடுவதில்லை. வலுவாகக் கிடைக்கும் சிக்னலைத்தான் தேடுகிறது. ரிவஸ்டன் சரிவில் நிற்பவருக்கு அருகிலுள்ள கோபுரத்தை மலை மறைத்துவிட்டால், பள்ளத்தாக்குக்கு அப்பால் இருக்கும் கோபுரம் அவருடைய அழைப்பை எடுத்துக்கொள்ளும். சமதரையான தம்புள்ளையில் சிக்கல் வேறு விதம். பொருளாதார மத்திய நிலையத்தில் நள்ளிரவில் மரக்கறி இறக்கும் லொறிச் சாரதி, நாட்டாமை, வியாபாரி, தேநீர்க் கடைக்காரர் எல்லாருடைய போனும் அதே ஒன்றிரண்டு கோபுரங்களில்தான் பதியும். ‘அந்தப் பகுதியில் இருந்தார்’ என்பது உண்மை. ‘அந்தக் கடைக்குள் இருந்தார்’ என்பது ஊகம். இரண்டுக்கும் நடுவே ஒரு மனிதனின் பத்து ஆண்டுச் சிறைவாசம் இருக்கலாம்.

டென்மார்க் இந்தப் பாடத்தை அவமானப்பட்டே கற்றது. தொலைபேசி நிறுவனங்கள் அனுப்பிய தரவைப் பொலிஸின் மென்பொருள் மாற்றி எழுதியபோது சில அழைப்புகள் விடுபட்டிருந்தன. கோபுரங்களின் இடமும் சில வேளைகளில் பிழையாக இருந்தது. 2019இல் இது வெளியே வந்ததும், 2012 முதல் நடந்த 10,000க்கும் மேற்பட்ட வழக்குகளை மறுபரிசீலனை செய்ய உத்தரவிட்டார்கள். அரச வழக்கறிஞர்கள் அத்தகைய தரவை நீதிமன்றத்தில் பயன்படுத்துவதை இரண்டு மாதங்களுக்கு நிறுத்தி வைத்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் தடுப்பிலிருந்து வெளியே வந்தார்கள். பிழையை ஒத்துக்கொண்டு இரண்டு மாதம் கடையைச் சாத்திய அந்த நேர்மையை இங்கே எதிர்பார்க்கலாமா என்பது வேறு கேள்வி.

இதையெல்லாம் படித்துவிட்டுப் போன் சாட்சியமே வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டிவிடக்கூடாது. அழைப்புப் பட்டியல் ஒரு முனை மட்டுமே. போனை முழுமையாகத் திறந்து படிப்பது வேறு வேலை. ஜேர்மனியின் ஃபிரைபுர்க் நகரில் 2016இல் நடந்த ஒரு மாணவியின் கொலை வழக்கில், சந்தேகநபரின் ஐபோனில் இருந்த சுகாதாரச் செயலி குற்றம் நடந்த நேரத்தில் ‘படி ஏறியதாக’ப் பதிந்திருந்தது. அங்கே படியே கிடையாது. ஆற்றங்கரைச் சரிவுதான் இருந்தது. ஒரு பொலிஸ் அதிகாரி அதேபோன்ற போனுடன் அந்தச் சரிவில் இறங்கி ஏறிப் பார்த்தார். அவருடைய போனும் படி ஏறியதாகவே காட்டியது. கோபுரம் சொல்லாததைக் காலடி சொன்னது. குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

அந்த நேரத்தில் போன் யார் கையில் இருந்தது என்ற கேள்விக்கும் விடை பெரும்பாலும் அதே போனுக்குள்தான் கிடக்கிறது. எத்தனை மணிக்குப் பூட்டுத் திறந்தது, அதற்கு முந்திய நிமிடத்தில் யார் செல்ஃபி எடுத்தார், வட்ஸ்அப்பில் ‘அம்மா சாப்பிட்டீங்களா’ என்று எழுதியது மகனா மகளா என்பதெல்லாம் அதில் இருக்கும். லயன் காம்பராவின் ஐந்து பேரில் நால்வரை விடுவிக்கவும் இந்தப் பதிவுகளே உதவும். பொலிஸ் தனக்குச் சாதகமான பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டு மிச்சத்தை மூடி வைத்தால்தான் வம்பு.

ஆனால் அந்தப் பதிவுகள் பிழைக்குமா என்பது முதல் ஒரு மணி நேரத்தில் தீர்மானமாகிவிடும். பொலிஸ் நிலையத்து மேசையில் கிடக்கும் போனை ஓர் உத்தியோகத்தர் எடுத்து, ‘கோட் என்ன’ என்று கேட்டு, படங்களைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தட்டலும் உள்ளே ஏதோ ஒரு நேரத்தை மாற்றி எழுதுகிறது. வலையமைப்பில் இணைந்தே இருந்தால் புதுச் செய்திகள் வந்து விழும். வெளியே இருப்பவர் தூரத்திலிருந்தே எல்லாவற்றையும் அழித்துவிடவும் கூடும். அழித்த செய்திகள் உடனே மறைந்துவிடுவதில்லை. மேலே வேறொன்று எழுதப்படும்வரை பல வேளைகளில் நினைவகத்தில் கிடக்கும். போனை நோண்டிக்கொண்டே இருந்தால் அந்த மிச்சமும் போய்விடும். மாத்தளைத் திருகோணமலை வீதியில் போன் திருத்தும் பையனுக்குக்கூட இது தெரியும்: போன படங்கள் திரும்ப வேண்டுமென்றால் முதலில் போனைத் தொடாதீர்கள் என்பான்.

செய்ய வேண்டியது பெரிய வித்தையல்ல. வலையமைப்பைத் துண்டிக்க வேண்டும், அல்லது சிக்னல் நுழையாத பையில் இட வேண்டும். ஐ.எம்.ஈ.ஐ. இலக்கத்தை எழுதி முத்திரையிட்டு, உரிமையாளருக்குப் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் அசலைத் தொடாமல் பிரதி எடுத்து, அந்தப் பிரதிக்கு ‘ஹாஷ்’ எனப்படும் இலக்க விரல்ரேகையைக் கணித்துப் பதிய வேண்டும். பிறகு ஓர் எழுத்து மாறினாலும் விரல்ரேகை மாறிவிடும். இடையில் யாரும் கை வைக்கவில்லை என்பதற்கு அதுவே காவல். 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த இந்தியாவின் புதிய சாட்சியச் சட்டம் இந்த ஹாஷ் மதிப்பைச் சான்றிதழிலேயே எழுதச் சொல்கிறது.

இலங்கையின் சாட்சியக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கம். கணினிச் சாட்சியத்துக்கு இடம் கொடுத்த விசேட ஏற்பாடுகள் சட்டம் சரியாக நூறு ஆண்டு கழித்து, 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கமாக வந்தது. இலக்கம்கூட மாறவில்லை! வட்ஸ்அப் பிறப்பதற்கு 14 ஆண்டுகள் முன்பு எழுதிய அந்தச் சட்டத்தில் ஒரு நல்ல பிரிவு உண்டு. அத்தகைய சாட்சியத்தை முன்வைக்க விரும்பும் தரப்பு, விசாரணைக்கு 45 நாட்களுக்கு முன்பே மறுதரப்புக்கு அறிவிக்க வேண்டும். மறுதரப்பு அதைப் பரிசோதித்துப் பார்க்கக் கேட்கலாம். உரிமை இருக்கிறது. ஆனால் தோட்டத் தொழிலாளி ஒருவருக்காக அந்தப் பரிசோதனையைச் செய்யும் நிபுணரின் கட்டணத்தை யார் கொடுப்பது?

போனைத் திறப்பதற்கும் வரம்பு உண்டு. 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றங்கள் சட்டம் நீதவானின் ஆணையைக் கேட்கிறது. அவசரம், சாட்சியம் அழிந்துபோகும் அபாயம், இரகசியம் காக்கும் தேவை என்ற காரணங்களுக்காக விலக்கும் தருகிறது. விலக்கே வழக்கமாகிவிடக்கூடாது. திறந்த போன் எங்கே போய் முடியும் என்பதை நாடு 2020 ஜனவரியில் காதால் கேட்டது. அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர் ரஞ்சன் ராமநாயக்கவின் வீட்டுச் சோதனைக்குப் பிறகு, அவருடைய தொலைபேசி உரையாடல்கள் நீதிமன்றத்தில் சோதிக்கப்படும் முன்பே சமூக ஊடகங்களில் ஒலித்தன. அவர் பேசியது சரியா தவறா என்பது ஒரு புறம் இருக்கட்டும். வழக்குப் பொருள் வம்புப் பொருளானதற்கு யார் பதில் சொன்னார்கள்?

அதே ஆண்டு ஏப்ரலில், மாத்தளையிலிருந்து கண்டிக்குப் போகும் வழியிலுள்ள கட்டுகஸ்தோட்டையில் ஓய்வுபெற்ற அரச அலுவலர் ஒருவர் பேஸ்புக் பதிவுக்காகக் கைதாகி ஐந்து மாதங்களுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார். அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்து இழப்பீடும் வழங்கச் சொன்னது. யார் எழுதினார் என்ற கேள்வியே அதில் எழவில்லை. எழுதியதை எப்படி வாசித்தார்கள் என்பதில்தான் வில்லங்கம்.

வாசிப்பது என்றதும் மொழி வந்துவிடுகிறது. ‘மச்சான், அவன்ட கதைய நேத்தே முடிச்சிட்டேன்’ என்று ஒரு குரல் செய்தி இருக்கிறது என்று வையுங்கள். கடனைக் கொடுத்துக் கணக்குத் தீர்த்தவனும் இப்படிச் சொல்வான். கரம் விளையாட்டில் வென்றவனும் சொல்வான். அதைச் சிங்களத்தில் ‘அவனை முடித்துவிட்டேன்’ என்று பெயர்த்து அறிக்கையில் எழுதினால் கொலை ஒப்புதலாகிவிடும். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் தமிழர் கையொப்பமிடும் பழைய கொடுமை இன்னும் தீர்ந்தபாடில்லை. இனிக் குரல் செய்திகளிலும் அது தொடரக்கூடாது. தமிழ்ப் பேச்சை, அதுவும் தோட்டத்துப் பேச்சை, அறிந்த மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் அத்தகைய செய்தி எந்த வழக்கிலும் சாட்சியமாகக்கூடாது. மூல ஒலி மன்றில் ஒலிக்க வேண்டும். எதிர்த்தரப்புக்கும் அதன் பிரதி கிடைக்க வேண்டும்.

சட்டம் திருந்தும்வரை வாசகர் செய்யக்கூடியவை சில உண்டு. உங்கள் அடையாள அட்டையில் எத்தனை சிம் இருக்கிறது என்று தொலைபேசி நிறுவனத்தின் கிளையில் போய்க் கேளுங்கள். நீங்கள் பாவிக்காததை அன்றே துண்டிக்கச் சொல்லுங்கள். அட்டையின் போட்டோ பிரதியை எங்கே கொடுத்தாலும் அதன் குறுக்கே திகதியையும் காரணத்தையும் எழுதிக் கொடுங்கள். பொலிஸ் போனை எடுத்தால் பற்றுச்சீட்டுக் கேளுங்கள், அதில் ஐ.எம்.ஈ.ஐ. இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இலக்கம் தெரியாவிட்டால் இன்றைக்கே *#06# என்று அழுத்துங்கள். திரையில் வரும் 15 இலக்கங்களை ஒரு கடதாசியில் எழுதி, போன் வாங்கிய பற்றுச்சீட்டோடு சேர்த்து வீட்டில் வையுங்கள். இரண்டு சிம் போடும் போன் என்றால் இரண்டு இலக்கங்கள் வரும், இரண்டையும் எழுதுங்கள்.