பிள்ளைகளோடு ஓடுவோம்



ஆண்டு விழா மேடைகளில் மழலைகள் ஒப்புவிக்கும் பாடல்களுள் பாரதியாரின் பாப்பாப் பாட்டு தவறாது இடம்பெறும். அப்பாட்டு குழந்தைக்கு முதலிற் சொல்வது விளையாட்டை. படிப்பு அதற்கு அடுத்தே வருகின்றது. நாமோ அப்பாட்டை மனனஞ் செய்வித்து, கைதட்டி மகிழ்ந்து, பிள்ளையை வாகனத்தில் ஏற்றி வீட்டுக்கு அழைத்துச் சென்று, மீண்டும் மேசை முன் அமர்த்திவிடுகின்றோம். மொழியையும் இசையையும் நடனத்தையும் அடுத்த தலைமுறைக்குக் கையளிக்க அரும்பாடுபடும் நாம், ஓட்டத்தையும் அவற்றோடு சேர்த்துக் கையளித்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஓட்டம் நமக்கு அந்நியமானதன்று. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டி என்றால் அது ஊருக்கே திருவிழா. இல்லங்களை அலங்கரிப்பதிலேயே நாட்கள் பல கழியும். மரதன் ஓட்டம் ஒழுங்கைகளைக் கடந்து செல்கையில் வீட்டுப் படலைகளிலே தண்ணீரோடு மக்கள் காத்து நிற்பர். அஞ்சலோட்டத்தின்போது எழும் ஆரவாரம் அயற்கிராமத்துக்கும் கேட்கும். பழைய மாணவருக்கும் பெற்றோருக்கும்கூடத் தனிப் போட்டிகள் உண்டு. அன்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கிய தந்தையரின் பிள்ளைகளே இன்றைய பெற்றோர் பலர். அவர்கள் இன்று மைதானத்தின் ஓரத்தே, வாகனத்துக்குள், கைத்தொலைபேசியோடு காத்திருக்கின்றனர். பிள்ளை மட்டும் ஓடுகின்றது.

“ஓடினால் படிப்புக் கெடும்” என்பார் சிலர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. மலேசியாவின் மணி ஜெகதீசன் 1966 ஆம் ஆண்டு பாங்கொக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீற்றர், 200 மீற்றர், 4 x 100 மீற்றர் அஞ்சலோட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். அவர் மருத்துவராகவும் விளங்கியமையால் ‘பறக்கும் மருத்துவர்’ என அழைக்கப்பட்டார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவராயிருந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958 இல் தோக்கியோவில் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் தாண்டி, ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்கு முதலாவது தங்கத்தைப் பெற்றுத் தந்தார். பின்னர் முனைவர் பட்டமும் பெற்றார். களமும் கல்வியும் பகையல்ல என்பதற்கு இவ்விருவருமே சான்று.

ஆயினும், பதக்கம் பெறுவதற்காகப் பிள்ளையை ஓடச் செய்யுங்கள் என்று கூற யாம் வரவில்லை. பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து ஓடுவதன் பெருமையை உணர்த்த வேறொரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் 1962 இல் பிறந்த றிக் ஹொய்ட் பிறவியிலேயே மூளைவாதத்தால் நடக்கவும் பேசவும் இயலாதவர். 1977 இல், விபத்தொன்றிற் செயலிழந்த விளையாட்டு வீரர் ஒருவருக்கு நிதி திரட்ட நடைபெற்ற ஐந்து மைல் ஓட்டத்திற் பங்குகொள்ள வேண்டும் என அவர் தம் தந்தையிடம் கணினி வழியே கேட்டார். தந்தை டிக் ஹொய்ட் ஓட்டப் பயிற்சி உடையவரல்லர். எனினும் மகனைச் சக்கர நாற்காலியில் அமர்த்தித் தள்ளியவாறே முழுத் தூரத்தையும் ஓடி முடித்தார். ஓடும்போது தம் உடற்குறை மறைந்துபோனதாக உணர்ந்தார் மகன். அன்று தொடங்கிய ஓட்டம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட போட்டிகள்வரை நீண்டது. பொஸ்ரன் மரதனை மட்டும் 32 தடவை இருவரும் ஓடினர். இறுதித் தடவை 2014 இல். தந்தை 2021 இலும் மகன் 2023 இலும் மறைந்தனர். யார் முதலில் வந்தார் என்பதை அவர்கள் வாழ்வு கேட்கவில்லை. யாரோடு ஓடினோம் என்பதையே கேட்டது.

உடல்நலமும் இதனையே வேண்டுகின்றது. ஐந்து முதல் பதினேழு வயதுவரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமேனும் உடலுழைப்பில் ஈடுபடல் வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகின்றது. வளர்ந்தோர்க்கு வாரம் 150 நிமிடமாவது வேண்டும். நீரிழிவும் இருதய நோயும் தெற்காசிய மக்களை இளம் வயதிலேயே தாக்குகின்றன. ஆகவே பிள்ளையின் நலனுக்காக ஓடும் பெற்றோர் தம் ஆயுளையும் காத்துக்கொள்கின்றனர்.

இவை யாவற்றினும் மேலான பயன் ஒன்று உண்டு; அதுவே தமிழ்ப் பாடசாலையின் மலரில் இதனை எழுதத் தூண்டியது. வீட்டு மேசையில் நாம் பிள்ளையை எதிரே இருத்தி, “எத்தனை புள்ளி?” என வினவுகின்றோம். அதற்கு ஒரு சொல்லிலே விடை வரும். அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ வரும். பாதையில் அருகருகே ஓடும்போதோ வினாவும் இல்லை, விசாரணையும் இல்லை. சிறிது தூரம் சென்றதும் பிள்ளை தானாகவே பேசத் தொடங்கும். பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற அளவே மிதமான வேகத்துக்கு அடையாளம் என்பர் மருத்துவர். அந்த வேகத்தில், தமிழிற் பேசியவாறு ஓடுங்கள். மூச்சு, வியர்வை, மேடு, பள்ளம், களைப்பு, நிழல் என்னுஞ் சொற்கள் பாடநூலின்றியே பிள்ளையின் நாவில் வந்தமரும்.

இதற்கு இடம் தேடி அலையவும் வேண்டியதில்லை. டொலார்-டெ-ஓர்மோவிலுள்ள முருகன் கோயிலுக்கு வரும் நம்மவர்க்கு, ஜாக்-பிசார் பாலத்துக்கு அப்பாலுள்ள இல்-பிசார் தொலைவன்று. அத்தீவின் இயற்கைப் பூங்காவிலே காட்டுப் பாதைகள் உண்டு. சதுப்பு நிலத்தின் மீது செல்லும் நீண்ட மரப்பாலமும் உண்டு. வேனிலில் தவளையின் ஒலியும் இலையுதிர் காலத்தில் மேப்பிள் மரங்களின் செம்மையும் உடன் வரும். கடுங்குளிரில் ஓட இயலாதெனில் விரைந்து நடக்கலாம். பனிச்சறுக்கு நடையும் பழகலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, நாம் அடையாத வெற்றியைப் பிள்ளையின் காலில் ஏற்றாதீர்கள். வேகத்தைத் தீர்மானிக்கும் உரிமை பிள்ளைக்கே இருக்கட்டும். இரண்டாவது, வயது வந்ததும் பெண் பிள்ளையை மட்டும் வீட்டில் நிறுத்தாதீர்கள். அண்ணன் ஓடும் பாதையில் தங்கையும் ஓடட்டும். தாயும் உடன் ஓடட்டும்.

புரட்டாதி மாதம் வரும்போது இந்நாட்டுப் பாடசாலைகள் பலவற்றில் ரெறி பொக்ஸ் நினைவோட்டம் நடைபெறும். புற்றுநோயால் ஒரு காலை இழந்த அவ்விளைஞர் 1980 இல் 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடினார். அவர் பெயரால் நடக்கும் ஓட்டத்தில் முதற் பரிசும் இல்லை, இறுதி இடமும் இல்லை. நம் குடும்ப ஓட்டமும் அத்தகையதாகட்டும்.

பெற்றோர்களே, வார விடுமுறையில் இருபது நிமிடத்தைப் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். மாணவச் செல்வங்களே, அம்மாவும் அப்பாவும் களைத்து நின்றால் நகையாதீர்கள். கையைப் பிடித்து அழைத்துச் செல்லுங்கள். நாம் சேர்த்துவைக்கும் பொருள் அவர்களுக்கு எவ்வளவு எஞ்சுமோ அறியோம். சேர்ந்து ஓடிய பாதையும் அங்கு பேசிய தமிழும் எஞ்சும்.