ஒன்றேகால் அங்குலம்

ஒன்றரை வருசமாக நான் அளாப்பி விளையாடியிருக்கிறேன். சத்தியமாகத் தெரியாமல்தான். ஆனால் எதிரில் நின்று தோற்றவனுக்கு அது தெரிந்து செய்ததா தெரியாமல் செய்ததா என்பதில் என்ன வித்தியாசம்?

கதையைச் சொல்கிறேன். அடுத்த மாதம் முதன்முதலாக ஒரு வோர்ஹாமர் 40,000 சுற்றுப்போட்டிக்குப் போகிறேன். கொழும்பில், தெரிந்த அண்ணா ஒருவரின் வீட்டு மேல்மாடியில், எட்டே எட்டுப் பேர். பெரிய விசயம் இல்லைத்தான். ஆனாலும் பரீட்சை எழுதப் போற மாதிரி வயிற்றுக்குள்ள ஒரு கலக்கம்.

இந்த விளையாட்டைப் பார்க்காதவர்களுக்காக: சின்னச் சின்ன பிளாஸ்டிக் வீரர்கள். நாங்களே ஒட்டி, நாங்களே பெயின்ற் அடித்து, 44க்கு 60 அங்குல மேசையில் நிறுத்தி விளையாடுவது. ஆளுக்கு 2000 புள்ளிப் படை, ஐந்து சுற்று, கை நிறைய டைஸ். செஸ்ஸில் சதுரம் இருக்கிறது, குதிரை எங்கே போகும் என்று சண்டை வராது. இங்கே கட்டமும் இல்லை, கோடும் இல்லை. ஒரு அளவு நாடா மட்டும்தான். அதனால் சண்டை எல்லாம் 'மூவ்மென்ற்' கட்டத்தில்தான் வரும்.

என் தவறு இதுதான். ஒரு வீரனுக்கு 6 அங்குலம் நகரலாம் என்றால், பேஸின் முன்விளிம்பில் நாடாவை வைத்து 6 அங்குலம் அளந்து, அந்த இடத்துக்கு அங்கால் பேஸை வைத்துவிடுவேன். பின்விளிம்பு அந்த 6ஆம் அங்குலத்தில் நிற்கும். சரியான விதி என்னவென்றால், பேஸின் எந்தப் பகுதியும் 6 அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. முன்விளிம்பில் தொடங்கினால் முன்விளிம்பில்தான் முடிக்க வேண்டும். என் ஆட்களின் பேஸ் 32 மில்லிமீற்றர். அதாவது ஒவ்வொரு நகர்வுக்கும் ஒன்றேகால் அங்குலம் ஓசி.

ஒன்றேகால் அங்குலத்தில் என்ன கிடக்கு என்று கேட்கலாம். எதிரி மேல் பாயும்போது இரண்டு டைஸ் உருட்டுகிறோம். 9 விழ வேண்டும் என்றால் 36 தரத்தில் 10 தரம்தான் விழும். 8 போதும் என்றால் 15 தரம். 7 போதும் என்றால் 21. ஓர் அங்குலம் கிட்டப் போனாலே தோற்கிற ஆட்டம் வெல்லுகிற ஆட்டமாக மாறும். நான் வென்ற ஆட்டங்களில் எத்தனை அந்த ஒன்றேகால் அங்குலத்தால் வென்றது? இனிக் கணக்குப் பார்க்க வழியில்லை.

ஆகவே என் கருத்து இது: முதல் போட்டிக்குத் தயாராவது என்றால் புதுப் பெட்டி வாங்குவதோ, இணையத்தில் வென்றவரின் படைப்பட்டியலைப் பிரதி பண்ணுவதோ இல்லை. நகர்வு விதிகளை ஒருக்கா ஆற அமர வாசிப்பது. பெயின்ற் அடிப்பதை நான் குறை சொல்லவில்லை. முழுப் படைக்கும் பெயின்ற் அடித்திருந்தால் 100 புள்ளியில் 10 சும்மா கிடைக்கும். ஆனால் நாங்கள் பெயின்றுக்கு மூன்று மாதமும் விதிக்கு மூன்று நிமிசமும் ஒதுக்குகிறோம்.

2023இல் வந்த 10ஆம் பதிப்பை வைத்துச் சொல்கிறேன், நானும் நண்பர்களும் பிழையாக விளையாடிய இடங்கள் இவை. எதிரியின் ஓர் அங்குலத்துக்குள் சாதாரண நகர்வில் போக முடியாது, பாய்ந்துதான் போகலாம். ஓடினால் (ஒரு டைஸ் கூடுதலாக உருட்டிப் போவது) அந்த முறை பாய முடியாது, சிறப்பு ஆயுதம் இல்லாவிட்டால் சுடவும் முடியாது. ஏழு பேரோ அதற்கு மேலோ உள்ள அணியில் ஒவ்வொருவரும் இன்னும் இரண்டு பேருக்கு 2 அங்குலத்துக்குள் நிற்க வேண்டும், ஒருவர் போதாது. காலாட்கள் இடிந்த கட்டடத்தின் சுவரை ஊடறுத்துப் போகலாம், டாங்கி போகாது. பேஸ் வட்டமாக இல்லாத வாகனங்களுக்கு, 2024 திருத்தத்துக்குப் பிறகு, திரும்புவதற்கே 2 அங்குலம் கழியும். ஒரு நகர்வில் எத்தனை தரம் திரும்பினாலும் ஒருக்காத்தான் கழியும்.

வாசித்தால் மட்டும் போதாது, முதல் டைஸ் உருட்ட முதலே எதிராளியோடு வாய் திறந்து கதைக்க வேண்டும். எது இடிந்த கட்டடம்? கீழ்த்தட்டு ஜன்னலால் பார்க்கலாமா, இல்லை மூடியதாக எடுப்பமா? நகர்த்தும்போதும் அப்படித்தான்: "இந்த மூலைக்குப் பின்னால வைக்கிறன், உங்கட டாங்கிக்குத் தெரியக்கூடாது எண்டுதான் வைக்கிறன், சரியா?" அவர் குனிந்து பார்த்து "ஓம்" என்றால் முடிந்தது. பத்து நிமிசம் கழித்து யாருடைய கை பட்டு பேஸ் அரைச் சென்ரிமீற்றர் அசைந்தாலும் பிரச்சினை இல்லை.

இது எங்களுக்குப் புதுசா என்ன? ஒழுங்கைக் கிரிக்கெட்டில் பந்து போட முதலே, "வேலிக்கு மேலால போனா அவுட், மதில்ல பட்டா ரெண்டு" என்று கதைத்து முடிப்போம். கிளித்தட்டில் கோட்டை விட்டுக் கால் எடுத்தவனா இல்லையா என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டும். அங்கே நடுவர் இல்லை. அதனால்தான் முதலே கதைத்தோம். பிளாஸ்டிக் வீரர்களுக்கு விலை கூட என்பதற்காக அந்தப் பழக்கத்தை ஏன் விட்டோம்?

இதற்கு மறுபேச்சும் உண்டு. என் நண்பன் ஒருத்தன் சொல்லுவான்: "மச்சான், போட்டி எண்டா போட்டி. விதி தெரியாம வந்தது அவன்ர பிழை. நான் ஏன் சொல்லிக் குடுக்கோணும்?" இதில் பாதி ஞாயம் இருக்கிறது. விதி தெரிந்திருப்பதும் திறமைதான். ஆனால் 2012இல் வந்த 6ஆம் பதிப்பிலிருந்து எந்த நேரமும், எந்தத் தூரத்தையும் முன்கூட்டியே அளந்து பார்க்கலாம். அதற்கு முதல் கண்ணால் மட்டிட வேண்டும். அதை மாற்றினார்கள் என்றால், தூரத்தைச் சரியாக ஊகிப்பது இப்போது சோதிக்கப்படும் திறமை இல்லை. எங்கே நிற்பது, எப்போது பாய்வது, எதை விட்டுக்கொடுப்பது, இவைதான் சோதனை. எதிராளியின் குழப்பத்தில் வென்றால் அந்தச் சோதனையை நாங்கள் எழுதவே இல்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. மேசையைப் பார்த்துவிட்டு அம்மா ஒருநாள் கேட்டா: "உங்களுக்கு விளையாட வேற ஒண்டும் கிடைக்கேல்லையே? இடிஞ்ச வீடும் ஆமிக்காரரும்." பதில் சொல்லத் தெரியவில்லை. 1913இல் எச். ஜி. வெல்ஸ் 'லிற்றில் வோர்ஸ்' என்று பொம்மைப் படைகளுக்கு விதி எழுதினார். காலாளுக்கு ஓர் அடி, குதிரைக்கு இரண்டு அடி என்று நகர்வையும் அளந்து கொடுத்தார். அதே புத்தகத்தின் முடிவில், பொம்மைப் போரை விளையாடிப் பார்த்தால் உண்மைப் போர் எவ்வளவு மடத்தனம் என்று விளங்கும் என்று வாதாடினார். அடுத்த வருசமே உலகப் போர் தொடங்கியது. ஆகவே இந்த விளையாட்டு யாரையும் திருத்தும் என்று நான் அம்மாவிடம் சொல்லப் போவதில்லை. அவ சொன்னதை மறக்காமல் விளையாடுகிறேன், அவ்வளவுதான். ஆனால் ஒன்று தெரியும்: பிழை விட்டால் எதிரில் நிற்பவனின் முகத்தைப் பார்த்து "நான் பிழையா அளந்திட்டன், திருப்பி வைக்கிறன்" என்று சொல்லிப் பழக எனக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

முதல் தரம் போட்டிக்குப் போகிறவர்களுக்கு: தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் அந்த இடத்திலேயே அண்ணாவையோ அக்காவையோ கூப்பிட்டுக் கேளுங்கள். முடிவு உங்களுக்கு எதிராக வந்தால் ஏற்றுக்கொண்டு அடுத்த டைஸை உருட்டுங்கள். போக முதல் மூன்று ஆட்டமாவது நேரம் வைத்து முழுதாக விளையாடிப் பாருங்கள்.

நான் செய்ய வேண்டிய முதல் வேலையை போன கிழமை செய்தேன். ஒன்றரை வருசமாக என்னிடம் தோற்றுக்கொண்டிருந்த நண்பனுக்குப் போன் எடுத்து ஒன்றேகால் அங்குலக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டான்:

"அப்ப எத்தினை மெச் எனக்குத் திருப்பித் தரோணும்?"

சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். நாடாவை அவனே கொண்டு வருகிறானாம்.