கார்கியின் வாலை வெட்டச் சொன்னது யார்?

கார்கி என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது இரண்டாம் எலிசபெத் ராணியின் காலடியில் ஓடிய குட்டை நாய்தான். நரி முகம், விறைத்த காது, கொழுகொழு பின்பக்கம். இணையத்தில் அந்தப் பின்பக்கத்துக்கென்றே ஒரு ரசிகர் கூட்டம் இருக்கிறது! அது ஆடி ஆடி நடப்பதைப் பார்த்து 'ச்சோ ச்வீட்' சொல்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், அங்கே ஒரு வால் இருந்திருக்கும், பிறந்த சில நாட்களிலேயே அதை நறுக்கியிருப்பார்கள் என்று?

ஏன் நறுக்க வேண்டும்? மாடு மிதித்துவிடுமாம். கார்கி, வேல்ஸில் மாடு ஓட்டிய நாய். உயரம் 25 முதல் 30 செ.மீ. தான். மாட்டின் குதிகாலைக் கடித்து விரட்டும். மாடு உதைத்தால் அந்த உதை தலைக்கு மேலே போய்விடும். அந்த வேலையில் வால் மிதிபடாதா என்பது வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் கார்கியில் இரண்டு வகை உண்டு. பெம்புரோக், கார்டிகன். 1934-ல்தான் பிரிட்டிஷ் கென்னல் கிளப் இவற்றைத் தனித்தனி இனமாக்கியது. கார்டிகனும் அதே மாட்டை, அடுத்த மாவட்டத்தில், அதே குட்டைக் காலோடு ஓட்டியதுதான். அதற்கு நரி வால் மாதிரி நீண்ட, புசுபுசு வால். யாரும் வெட்டவில்லை. கார்டிகன் பக்கத்து மாடுகள் மட்டும் பார்த்துக் கால் வைத்தனவா?

சில பெம்புரோக் குட்டிகள் குட்டை வாலோடுதான் பிறக்கின்றன, உண்மை. அந்த மரபணு ஒரு பிரதி இருந்தால் வால் குட்டை; இரண்டு பிரதி சேர்ந்தால் குட்டி பிறக்கும் முன்பே இறந்துவிடும். ஆகவே எல்லாக் குட்டியும் இயற்கையாகவே மொட்டை வாலோடு பிறக்கும்படி இந்த இனத்தை வளர்க்கவே முடியாது. எல்லாம் ஒரே மாதிரி தெரிய வேண்டுமென்றால் கத்திதான் வழி. மாடு, மிதி எல்லாம் சும்மா.

இதைப் பொம்மை என்று நினைத்து வாங்குபவர்கள் இன்னொரு கூத்து. உடம்பு சின்னதே தவிர, குணம் மாட்டோடு மல்லுக்கு நின்ற நாயின் குணம். ஓடுகிற குழந்தையின் குதிகாலைக் கவ்வும், வாசலில் யார் வந்தாலும் குரைக்கும், பிடிவாதம் வேறு. 1991-ல் சண்டை போட்ட தன் நாய்களை விலக்கப் போய் அந்த ராணியே கையில் தையல் போட்டுக்கொண்டார்! பயமா, கோபமா, விளையாட்டா என்று மற்ற நாய்க்கு வாலால் சொல்லும் பிராணி அது. சண்டைக்காரனின் வாயை அடைத்துவிட்டு, ஏன் கடிக்கிறான் என்று கேட்பானேன்?

பிரிட்டனில் 2007-ல் தடை வந்தது. சில வேலை நாய்களுக்கு விலக்கு உண்டு, கார்கிக்கு இல்லை. உடனே 'இனமே அழிந்துவிடும்' என்று கூக்குரல். 2014-ல் பதிவான குட்டிகள் 300-க்கும் கீழே போனபோது, பார்த்தீர்களா என்றார்கள். 2018-ல் அழிவு எச்சரிக்கைப் பட்டியலிலிருந்தே பெம்புரோக் வெளியே வந்துவிட்டது. வாலோடு!

அமெரிக்கன் கென்னல் கிளப்பின் இன விதியோ, வாலை முடிந்தவரை ஒட்ட வெட்டு என்கிறது. இரண்டு அங்குலம் வரை போனால் போகிறதென்று விடுவார்களாம். ஆனால் நாய் அதைத் தூக்கிப் பிடித்தால் முதுகுக் கோட்டின் அழகு கெட்டுவிடுமாம். சந்தோஷமாக இருக்கும் நாய் வாலை வேறென்ன செய்யும்?