பாதைக்குள் முடக்கப்பட்ட நிலம்

பெங்களூரின் தும்கூர் சாலையையும் ஓசூர் சாலையையும் வடக்கு, கிழக்குப் பகுதிகள் வழியாக இணைக்க, சுமார் 73 கிலோமீட்டர் நீளப் புறவட்டச் சாலை திட்டமிடப்பட்டது. 2007ல் இறுதி அறிவிக்கை வெளியானது. பதினைந்து ஆண்டுகள் கடந்தும் சாலை வரவில்லை. பாதைக்குள் சிக்கிய விவசாயிகள் நிலத்தை விற்கவும் வழியின்றி முடக்கப்பட்டனர். இன்று அதற்குப் ‘பெங்களூரு வணிக வழித்தடம்’ என்று புதுப்பெயர். யாருக்கான சாலை என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

நெரிசலைக் குறைக்கச் சாலை தேவையென்றால், அதன் விலையை விவசாயி மட்டும் சுமப்பது என்ன நியாயம்? 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் கிராமப்புற நிலத்திற்குச் சந்தை மதிப்பில் நான்கு மடங்கு வரை இழப்பீட்டுக்கும், மறுவாழ்வுக்கும் வகை செய்கிறது. பெங்களூர் வளர்ச்சி ஆணையச் சட்டத்தின்கீழ் எடுக்கப்படும் நிலங்களுக்கு அது பொருந்தாது என உச்சநீதிமன்றம் 2022ல் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பின் பின்னால் மாநில அரசு ஒளிந்துகொள்ள முடியாது. 1976ல் இயற்றப்பட்ட அந்த ஆணையச் சட்டம் மாநிலச் சட்டமே. அதைத் திருத்தும் அதிகாரம் சட்டமன்றத்திடம்தான் உள்ளது.

அரசைப் பணியவைக்க முடியும் என்பதற்குத் தேவனஹள்ளி சான்று. அங்கு 1,777 ஏக்கர் நிலப்பறிப்பை எதிர்த்து மூன்றாண்டுகளுக்கும் மேலாக நடந்த போராட்டம், 2025 ஜூலையில் அத்திட்டத்தைக் கைவிடச் செய்தது.

2013ஆம் ஆண்டுச் சட்டப்படி இழப்பீடு வழங்கு. இல்லையேல் அறிவிக்கையை ரத்து செய்து நிலத்தை விடுவி! இம்முழக்கத்தை நகரத் தொழிலாளர்களிடமும் கொண்டு செல்வது நமது கடமை.