பாற்பண்ணைக் கழிவு ஜலம்

செங்கற்பட்டு ஜில்லாவிலிருந்தும் அதையடுத்த கிராமாந்தரங்களிலிருந்தும் தினந்தோறும் சென்னைக்குப் போய்ச் சேரும் பாலைப் பற்றி நமது ஜனங்கள் பேசாத நாளில்லை. விலை ஏறினால் பேசுகிறார்கள். தண்ணீர் கலந்தால் பேசுகிறார்கள். கொள்முதல் பணம் தாமதப்பட்டால், கறவை வைத்திருக்கும் குடியானவர்கள் பாலைச் சாலையில் கொட்டிக்கூடப் பேசுகிறார்கள். ஆனால் அந்தப் பாலைக் காய்ச்சிக் குளிரவைத்துப் பையில் அடைத்த பின்பு, பாத்திரங்களையும் குழாய்களையும் டாங்கி லாரிகளையும் கழுவிய ஜலம் எங்கே போகிறது என்று கேட்பவர் அரியர். அந்த ஜலத்தைப் பற்றியே இன்று எழுதப் புகுந்தோம். கழுநீரும் தலையங்கத்துக்கு உரிய விஷயமோ என்று புருவத்தை நெரிக்கும் நேயர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும்.

பால் எவ்வளவு சுத்தமான ஆகாரமோ, தண்ணீரில் சேர்ந்தால் அவ்வளவு கொடிய அழுக்கு. ஒரு லிட்டர் பால் ஒரு நீர்நிலையில் விழுந்தால், அதிலுள்ள சர்க்கரையும் புரதமும் கொழுப்பும் சிதைவதற்குச் சுமார் 100 கிராம் பிராணவாயு வேண்டியிருக்கிறது. வீடுகளிலிருந்து வரும் சாக்கடை ஜலம் ஒரு லிட்டருக்குக் கால் கிராம் போதும். ஆகவே கீழே சிந்திய ஒரு லிட்டர் பால், சுமார் 400 லிட்டர் சாக்கடை ஜலம் செய்யக்கூடிய தீங்கைச் செய்கிறது. இந்தப் பிராணவாயு எங்கிருந்து வரும்? ஏரியிலுள்ள மீன் மூச்சு விடுவதற்கென்று ஜலத்தில் கரைந்திருக்கிறதே, அதிலிருந்துதான். மீன் செத்து மிதந்த பிறகு ஜனங்கள் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள்; அதிகாரிகள் மாதிரி எடுத்துப் போகிறார்கள்.

மத்திய சர்க்காரின் 1986-ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் விதிகளின் கீழ், ஒரு லிட்டர் பாலுக்கு மூன்று லிட்டருக்கு மேல் கழிவு ஜலம் உண்டாகலாகாது; வெளியே விடும் ஜலம் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் பிராணவாயுவைக் கேட்பதாயும் இருக்கலாகாது. அப்படியானால் நாளொன்றுக்கு ஒரு லக்ஷம் லிட்டர் பாலைக் கையாளும் சாதாரண ஆலை ஒன்று, சட்டத்திற்கு முழுதும் கட்டுப்பட்டே மூன்று லக்ஷம் லிட்டர் கழுநீரை உண்டாக்கலாம். சென்னையின் தேவைக்கென்று மாதவரம், அம்பத்தூர், சோழிங்கநல்லூர் ஆகிய மூன்று இடங்களிலுள்ள ஆவின் பண்ணைகள் இதைப்போல் பல மடங்கு பாலைக் கையாளுகின்றன. இவற்றுள் சோழிங்கநல்லூர், பழைய ஜில்லாக் கணக்கில் நம்மைச் சேர்ந்தது. மாமல்லபுரத்துக்குப் போகும் பழைய சாலையின் மீது இருப்பது. இவற்றைத் தவிர தனியார் ஆலைகளும், குளிர்விக்கும் நிலையங்களும், பனீர், நெய், இனிப்புப் பண்டங்கள் செய்யும் சிறு கொட்டகைகளும் உண்டு.

இந்த ஜில்லாவின் அமைப்பை அறிந்தவர்களுக்கு அபாயம் உடனே விளங்கும். நமது பூமி ஏரிகளின் பூமி. ஓர் ஏரியின் கலங்கல் அடுத்த ஏரிக்கு வாய்க்காலாகப் போகிறது. செங்கற்பட்டுக் கொளவாய் ஏரி நகரத்தின் சாக்கடையால் பட்ட பாட்டை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். கிழக்கே போனால், பக்கிங்ஹாம் கால்வாய் சோழிங்கநல்லூரையும் கோவளத்தையும் மாமல்லபுரத்தையும் தொட்டுக்கொண்டு தெற்கே செல்லுகிறது. மேலே இறங்கும் அழுக்கு உப்பங்கழியிலும், அதை நம்பியிருக்கும் மீனவர் வலையிலும் வந்து சேருகிறது. பாலாறோ, வேலூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் சாலைகளின் கழிவைச் சுமந்து வந்து கல்பாக்கத்துக்கருகே நமது கடலில் விழும் நதி. அந்தக் கழிவின் பேரில் வேலூர்ப் பிரஜைகள் தொடுத்த வழக்கில், 1996-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்புச் சொன்னபோது, கெடுத்தவனே நஷ்டத்தைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று ஸ்தாபித்தார்கள். வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு அத்தீர்ப்பை மறுபடி படிக்குந்தோறும் ஒரு வருத்தம் உண்டாகிறது. நிலமும் கிணறும் கெட்ட பிறகு கிடைத்த தீர்ப்பு அது.

இன்னொரு வேடிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலியில் 2013-ல் தினம் 10 கோடி லிட்டரும், 2024-ல் மற்றொன்றாக 15 கோடி லிட்டரும் கடல் ஜலத்தை நன்னீராக்கும் ஆலைகளைத் திறந்தார்கள். உப்பைப் பிரிக்க ஏராளமான மின்சாரம் செலவாகிறது. கடலோரத்தில் பணத்தைக் கொட்டி உப்பு நீரை நல்ல நீராக்கிக்கொண்டு, அதே சாலையின் மேற்புறத்தில் நல்ல நீரைக் கெடுத்துக்கொண்டிருப்பது எந்தக் குடும்பக் கணக்குக்கும் ஒத்து வராது.

சரி, என்ன செய்வது? இப்போது பெரும்பாலும் வழக்கத்திலிருக்கும் முறை, தொட்டியில் ஜலத்தைத் தேக்கி மோட்டாரினால் காற்றை ஊதுவது. பிராணவாயுவை நாமே கொடுத்தால் கிருமிகள் அழுக்கைத் தின்றுவிடும். ஆனால் ஊதும் ஒவ்வொரு மணிக்கும் மின்சாரக் கணக்கு ஓடுகிறது. தின்ற அழுக்கில் ஏறக்குறையப் பாதி, கிருமிகளின் உடலாகவே மாறிச் சேறாகக் குவிகிறது. அதை எங்கே கொட்டுவது என்பது வேறொரு வழக்கு. மின்சாரச் செலவுக்குப் பயந்து, அதிகாரி வரும் நாளில் மாத்திரம் மோட்டாரை ஓட்டுகிறவர்களும் உண்டென்பது ஊரறிந்த ரகசியம்.

மற்றொரு முறையில் காற்றே கூடாது. மூடிய தொட்டிக்குள், பிராணவாயு படாமல் வாழும் கிருமிகளிடம் இந்த ஜலத்தை ஒப்புவிக்கிறார்கள். முதலில் ஒரு ஜாதிக் கிருமிகள் புரதத்தையும் கொழுப்பையும் சிறு துணுக்குகளாக உடைக்கின்றன. இன்னொரு ஜாதி அவற்றைப் புளிப்பாக மாற்றுகிறது. அந்தப் புளிப்புகளை வேறொரு ஜாதி காடிப்புளிப்பும் ஜலவாயுவுமாகக் குறைத்துக் கொடுக்க, கடைசிப் பந்தியில் உட்காருகிறவை அதை மீத்தேன் வாயுவாக வெளியிடுகின்றன. கரியமில வாயுவும் கூடவே வருகிறது. சேறோ, ஊதும் முறையில் உண்டாவதில் ஐந்திலொரு பங்குகூட இராது. இது மேனாட்டார் கொண்டு வந்த மாயமல்ல. நமது ஏரிச் சேற்றில் கோலால் குத்தினால் குமிழியிட்டு வருவதும் இதே வாயுதான். 1776-ல் இத்தாலி தேசத்து வோல்ட்டா ஓர் ஏரிக் கரையில் அதைப் பிடித்துக் கொளுத்திப் பார்த்தார். நமது தேசத்தில் 1897-லேயே பம்பாய் மாதுங்காவில் குஷ்டரோகிகள் விடுதியின் மலஜலத்திலிருந்து வாயு எடுத்தார்கள். 1939-ல் டில்லி விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் தேசாய் என்பவர் சாணத்தைக் கொண்டு பரீக்ஷை செய்தார். பிறகு ஜஷ்பாய் படேலின் தொட்டியைக் கதர்க் கமிஷன் ஊரூராகப் பரப்பியது.

சாணத்துக்கு ஏற்ற தொட்டி, நீர்த்த கழுநீருக்கு ஏற்றதன்று. சாணம் தொட்டியில் ஒரு மாதம் கிடக்கலாம். லக்ஷக்கணக்கான லிட்டர் ஜலத்தை ஒரு மாதம் வைக்க எத்தனை பெரிய தொட்டி கட்டுவது? இதற்கு வழி கண்டவர் ஹாலந்து தேசத்து வாகனிங்கன் கலாசாலையைச் சேர்ந்த கேட்ஸே லெட்டிங்கா. 1970-களில் அவர் அமைத்த முறையில், ஜலம் அடியிலிருந்து மேல் நோக்கி மெதுவாக எழும்புகிறது. கிருமிகள் கடுகு மணிபோல் திரண்டு கனத்து அடியிலேயே தங்கிவிடுகின்றன. ஜலம் சில மணி நேரத்தில் வெளியேற, கிருமிகளோ மாதக்கணக்காக உள்ளேயே குடியிருக்கின்றன. தமது கண்டுபிடிப்புக்கு அந்தப் பெரியவர் பேடண்ட் வாங்கவில்லை. ஏழைத் தேசங்கள் தடையின்றி உபயோகிக்கட்டும் என்றே விட்டார். அவருடைய முறையைக் கொண்டு 1989-ல் கான்பூர் ஜாஜ்மாவில் தினம் 50 லக்ஷம் லிட்டர் சாக்கடையைச் சுத்தி செய்யும் நிலையம் எழுந்தது. அக்கிருமிகள் சுமார் 35 டிகிரி உஷ்ணத்தில் சுறுசுறுப்பாக வேலை செய்கின்றன. குளிர் தேசத்தார் தொட்டியைச் சுடவைக்கப் பணம் செலவிடுகிறார்கள்; செங்கற்பட்டு வெயிலுக்கு நாம் யாருக்கும் வரி கொடுக்க வேண்டியதில்லை.

இனிக் கணக்கு. ஒரு லக்ஷம் லிட்டர் பாலுக்கு இரண்டு லக்ஷம் லிட்டர் கழுநீர் என்றும், ரசாயன முறையில் அளக்கும் பிராணவாயுத் தேவை லிட்டருக்கு இரண்டு கிராம் என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 400 கிலோ. அதில் நூற்றுக்கு எண்பது பங்கு சிதைந்தால் 320 கிலோ. கிலோ ஒன்றுக்கு 350 லிட்டர் வீதம் 112 கன மீட்டர் மீத்தேன் உண்டாக வேண்டும். அதன் உஷ்ணம் வீட்டு அடுப்புக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டர் ஆறுக்குச் சமம். ஜலத்தில் கரைந்து போவது ஒன்று கழிந்தால் ஐந்து. தினம் ஐந்து சிலிண்டர் பெரிய புதையலன்று என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். ஆலையின் கொதிகலனுக்கு அது ஒரு சிறு உதவிதான். ஆனால் அதே 320 கிலோவுக்குக் காற்று ஊத 160 யூனிட் முதல் 320 யூனிட் வரை மின்சாரம் செலவாகியிருக்கும், அது மிச்சம். சேறு குறைந்தது மிச்சம். இந்த முறையை விற்க வரும் தரகர்கள் வாயுவைப் பற்றியே வானளாவப் பேசி, முதலாளியை மயக்கி, பின்பு அவருக்கு வெறுப்பையும் உண்டாக்கிவிடுகிறார்கள். வாயுவை நம்பிக் கடன் வாங்காதீர்கள் என்பதே நமது யோசனை. பனீர் ஆலைகள் மட்டும் இதற்கு விலக்கு. பால் திரிந்தபின் வடியும் தெளிநீர் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேல் பிராணவாயுவைக் கேட்கும் சரக்கு. கழுநீரைவிட இருபத்தைந்து மடங்கு. அதில் புரதமும் இருக்கிறது. அதைப் பிரித்தெடுக்கலாம், அல்லது மாட்டுக்காவது வைக்கலாம். இரண்டும் இயலாதவர்கள் தொட்டிக்கு அனுப்பட்டும்.

ஆக்ஷேபங்களையும் மறைக்க வேண்டியதில்லை. கொழுப்பு அளவுக்கு மிஞ்சினால் கிருமிமணிகளின் மேல் படிந்து அவற்றை மிதக்கவைத்து அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே முன்னதாகவே வழித்தெடுக்க வேண்டும். தீபாவளி சமயத்தில் நெய்யும் இனிப்பும் இரவு பகலாகச் செய்யும்போது இந்த ஜாக்கிரதை இரட்டிப்பாக வேண்டும். குழாய்களைக் கழுவக் காஸ்டிக் சோடாவையும் நைட்ரிக் திராவகத்தையும் ஓட்டுகிறார்கள். அவை நேரே தொட்டிக்குள் போனால் மாதக்கணக்கில் வளர்த்த கிருமிகள் ஒரே இரவில் மடியும். எல்லாவற்றையும் ஒரு பெரிய தொட்டியில் கலந்து காரமும் புளிப்பும் சமனானபின் அனுப்புவதே பரிகாரம். வெளிவரும் ஜலம் சட்டத்தின் அளவுக்கு வர, கடைசியில் கொஞ்சம் காற்றும் ஊதத்தான் வேண்டும். இவையெல்லாம் தெரிந்த ஒரு கெமிஸ்டும், இரவிலும் விழித்திருக்கும் இரண்டு ஆட்களும் வேண்டும். ஒப்பந்தக் கூலிக்கு மாதந்தோறும் ஆளை மாற்றுகிற ஆலையில் இது நடவாது.

சில மாதங்களுக்கு முன் ஒரு நண்பரோடு ஒரு தனியார் ஆலையைப் பார்க்கப் போயிருந்தோம். ஊரும் பேரும் வேண்டாம். தொட்டி நன்றாகவே வேலை செய்தது, வாயுவும் வந்தது. அதைக் கொண்டுபோய் உயரமான ஒரு குழாயின் நுனியில் எரித்துக்கொண்டிருந்தார்கள். நண்பகல் வெயிலில் ஜ்வாலைகூடத் தெரியவில்லை. மேலே காற்று நடுங்குவது மட்டும் தெரிந்தது. வாசலில் கொதிகலனுக்கு விறகு இறக்கும் லாரி நின்றது. ஏன் இப்படி என்று கேட்டோம். குழாய் போடும் உத்தரவு மேலிடத்தில் இருப்பதாகப் பதில் வந்தது. எரித்தாவது விட்டார்களே என்று திருப்திப்பட வேண்டியதுதான். எரியாமல் வெளியே போகும் மீத்தேன், நூறு வருஷக் கணக்கில் பார்த்தால், பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட இருபத்தேழு மடங்குக்கு மேல் வல்லது. கழுநீரைப் பள்ளத்தில் தேக்கி நாற விடுகிறவர்கள் அந்தக் காரியத்தையே செய்கிறார்கள்.

நமது கோரிக்கை மூன்று இடங்களுக்கு. ஆவின் நிர்வாகிகள், குடியானவர்களின் சங்கங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். அவர்கள் ஒவ்வொரு பண்ணையிலும் தினம் வரும் கழுநீர் எவ்வளவு, ஊதச் செலவாகும் மின்சாரம் எவ்வளவு, எடுத்த வாயு எவ்வளவு என்பதை மாதந்தோறும் அச்சிட்டு வெளியிட வேண்டும். தொட்டி கட்டும் செலவைக் கொள்முதல் விலையில் கழிப்பது கூடவே கூடாது. கறவையைக் கட்டித் தீனி போடுகிறவள் ஆலையின் அழுக்குக்கு ஈடு கொடுக்க வேண்டிய நியாயமில்லை. வாராணசி ராம்நகரில் பால் சங்கத்தின் ஆலைக்கென்று, சாணத்திலிருந்து தினம் 4,000 கன மீட்டர் வாயு எடுக்கும் நிலையத்துக்கு 2021 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். காசிக்கு ஆகும் ஏற்பாடு காஞ்சிக்கும் செங்கற்பட்டுக்கும் ஆகாதா?

இரண்டாவது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். 1974-ஆம் வருஷத்து ஜல சட்டத்தின் 25-வது பிரிவின் கீழ் சம்மதம் கொடுக்கும்போது நிபந்தனை விதிக்க அதற்குப் பூரண அதிகாரமுண்டு. புதிய பாலாலைகளுக்கும், விஸ்தரிக்கும் பழையவற்றுக்கும், மூடிய தொட்டியும் வாயுவைக் கொதிகலனுக்குக் கொண்டுபோகும் குழாயும் இருந்தாலன்றிச் சம்மதமில்லை என்று எழுதிவிட ஒரு வரி போதும்.

மூன்றாவது, சிறு கொட்டகைக்காரர்கள். தினம் ஆயிரம் லிட்டர் பாலில் பனீர் செய்கிறவரிடம் லெட்டிங்காவைப் பற்றிப் பேசிப் பயனில்லை. மாமல்லபுரத்தில் விடுதிகளின் உணவு எச்சத்தைச் சேர்த்து வாயுவும், அதிலிருந்து மின்சாரமும் எடுக்கலாம் என்பதை ஹாண்ட் இன் ஹாண்ட் தொண்டு ஸ்தாபனத்தார் நடத்திக் காட்டினார்கள். அத்தகைய பொதுத் தொட்டிகளை நகரசபைகளே கட்டி, பனீர்த் தெளிநீரையும் அதில் கொண்டுவந்து ஊற்ற ஏற்பாடு செய்யலாம். அந்த ஊர்க் கிருஷ்ண மண்டபத்தில், கன்றை நக்கும் பசுவையும் கீழே உட்கார்ந்து பால் கறப்பவனையும் பார்க்க உலகமெல்லாம் வருகிறது. வருகிறவர்கள் கால்வாய்ப் பாலத்தையும் தாண்டித்தான் போகிறார்கள். காட்டுப்பாக்கத்தில் கால்நடைக் கலாசாலையின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களுக்கு அங்கே ஆறு வாரப் பயிற்சி வைத்தால், வருகிற வடகிழக்குப் பருவ மழைக்கு முன்பே முதல் கோஷ்டி வேலைக்கு வந்துவிடலாம்.